அந்த அறுபது வினாக்களைப் பற்றி: ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் தேர்வு வாரியத் தலைவர் அவர்களுக்கும், பள்ளிக் கல்வித் துறை உயர் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து எங்கள் ஆசிரியர் அறைகளில் வேறு பேச்சே இல்லை. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மிச்சமிருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்கிறது தீர்ப்பு. இருபது வருடம் வகுப்பெடுத்தவர்கள் பஸ்ஸில் கைடைப் பிரித்துவைத்துக் குழந்தை உளவியல் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். எப்போதோ வேலைக்கு வந்தவரிடம் இப்போது இந்தத் தகுதியைக் கேட்கலாமா என்ற வழக்கைச் சங்கங்களும் அரசின் சீராய்வு மனுவும் பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுத வந்தது வேறு.

லட்சக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒரு வினாத்தாளுக்காகப் படிக்கப் போகிறார்கள். இவ்வளவு பேரை உட்கார்ந்து படிக்கவைக்க எந்தப் பயிற்சித் திட்டத்தாலும் முடிந்ததில்லை. வினாத்தாளில் எது வருகிறதோ அதைத்தான் படிப்போம். நாங்களும் மாணவர்களைப் போலத்தான். ஆகவே அந்த வினாத்தாளை, குறிப்பாக ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்துபவர்களுக்கான இரண்டாம் தாளின் கணிதம்-அறிவியல் பகுதியை, எப்படி அமைக்கலாம் என்று ஒரு கணிதப் பட்டதாரி ஆசிரியராக உங்களிடம் கேட்டுக்கொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கூட்டல். இரண்டாம் தாளில் 150 வினாக்கள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்த்து 60. பொதுப்பிரிவினர் தேற 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண். முப்பதும் முப்பதும் முப்பதும் தொண்ணூறு. கணக்கிலும் அறிவியலிலும் ஒரு வினாவைக்கூடத் தொடாமல் ஒருவர் கணித ஆசிரியராகத் தகுதி பெற்றுவிட முடியும். நடைமுறையில் அப்படி யாரும் வரப்போவதில்லை, சரி. ஆனாலும் பாடத்துக்கென்று தனியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாத தேர்வு, பாட அறிவைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது இந்தக் கூட்டலிலேயே தெரிகிறது.

கடினமான தேர்வு வைத்தால் நல்ல ஆசிரியர் வருவார் என்றும் சொல்லிவிட முடியாது. 2012 ஜூலையில் நடந்த முதல் தகுதித் தேர்வு நினைவிருக்கும். 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, தேறியவர்கள் மூவாயிரத்தைத் தொடவில்லை. அப்புறம் அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்துத் துணைத்தேர்வு வைத்தீர்கள். யார் வேகமாக வட்டத்தைக் கருப்பாக்குகிறார் என்பதை அந்த முதல் தேர்வு அளந்தது. நல்ல கணக்கு வாத்தியாரை அளந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரிந்த ஒருவரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்.

அப்படியென்றால் எதை அளக்க வேண்டும்? ஆசிரியரிடம் உள்ள எந்தக் குணம் பிள்ளையின் கணக்கு, அறிவியல் அடைவைக் கூட்டுகிறது என்று உலகம் முழுக்கத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். பட்டம், அனுபவம், சம்பளம், பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடைபோட்டிருக்கிறார்கள். மேற்பட்டம் அதிகம் உதவவில்லை. அனுபவம் முதல் சில ஆண்டுகளில் நன்றாக உதவுகிறது, அப்புறம் அதன் பலன் மெதுவாகிவிடுகிறது. பாட அறிவு உதவுகிறது, அதுவும் கணக்கில் நன்றாகவே. பெரு நாட்டில் ஆறாம் வகுப்பில் நடந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது. மெட்ஸ்லர், வூஸ்மன் என்ற இருவர் 2012இல் வெளியிட்டது. ஒரே பிள்ளைக்கு ஒரே ஆசிரியர் கணக்கும் மொழியும் நடத்துகிறார். அவரையும் இரண்டு பாடத்திலும் சோதித்தார்கள், பிள்ளையையும் சோதித்தார்கள். வீட்டு வசதி, ஊர், பள்ளி, பிள்ளையின் சூட்டிகை எல்லாம் இரண்டு பாடத்துக்கும் பொது. ஆகவே வித்தியாசம் வந்தால் அது ஆசிரியரின் பாட அறிவால் வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கணக்கில் ஆசிரியருக்குப் பாடம் கூடுதலாகத் தெரிந்த அளவுக்குப் பிள்ளையின் அடைவும் கூடியிருந்தது. வாசிப்பில் அப்படித் தெளிவாக எதுவும் தெரியவில்லை. கணக்கைப் பிள்ளைகள் பெரும்பாலும் வகுப்பறையில்தானே கற்கிறார்கள். மொழி வீட்டிலும் தெருவிலும் டிவியிலும் கிடைக்கிறது.

ஆனால் பாட அறிவு என்றால் எந்த அறிவு? இங்கேதான் நம் வினாத்தாள் வழுக்குகிறது.

அமெரிக்காவில் ஃபிலிப் சாட்லர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் 181 பேர், அவர்களிடம் படித்த மாணவர்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம். பிள்ளைகளுக்கு வைத்த அதே கொள்குறி வினாத்தாளை ஆசிரியர்களுக்கும் கொடுத்து இரண்டு கேள்வி கேட்டார்கள். சரியான விடை எது? உங்கள் பிள்ளைகளில் அதிகம் பேர் தேர்ந்தெடுக்கப்போகும் தவறான விடை எது? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். இரண்டாவதற்குத் திணறினார்கள். பிள்ளைகள் வழக்கமாகத் தவறாக நினைக்கும் இடங்களில், எது சரி என்பதோடு எது தவறாக வரும் என்பதும் தெரிந்த ஆசிரியரிடம் படித்தவர்களே கூடுதலாக முன்னேறினார்கள். சரியான விடை மட்டும் தெரிந்த ஆசிரியர் அந்த இடங்களில் பெரிதாக உதவவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வாசிப்பிலும் கணக்கிலும் ஏற்கெனவே பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு இதனால் கிடைத்த பலன் குறைவுதான். எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளைக்கு வேறு உதவியும் வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு வியப்பில்லை. எங்கள் பள்ளிக்கு வந்து ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளை ஒருநாள் புரட்டிப் பாருங்கள். 52லிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதியிருப்பான். சிவப்பு மையில் அடித்துவிட்டு 14 என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த கணக்கிலும் அதையேதான் செய்வான். பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிடா போட்டே?" என்று கேட்டால் சொல்வான்: "ரெண்டுல எட்டு போகாது சார், அதான் எட்டுல ரெண்டு போச்சு." அவனுக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை. சின்னதைத்தான் பெரியதிலிருந்து எடுக்க முடியும் என்று ஒரு விதியைத் தானே செய்துவைத்திருக்கிறான். அதை அவனுக்குக் கொடுத்ததே நாம்தான், ஒன்றாம் வகுப்பில். அந்த விதியைக் கண்டுபிடிக்காமல் எத்தனை முறை கடன் வாங்கச் சொல்லிக் கொடுத்தாலும் காற்றோடு போகும்.

ஒன்பதாம் வகுப்பில் −3−5க்கு விடை 8. ஏன் என்றால், "மைனஸும் மைனஸும் ப்ளஸ் சார்." பெருக்கலுக்கான விதியைப் பெருக்கல் என்ற சொல்லை விட்டுவிட்டு ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இன்னொருத்திக்கு அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு. மேலே மேலே, கீழே கீழே கூட்டிவிட்டாள். அரையை விடக் குறைவாக விடை வந்திருக்கிறதே என்று அவளுக்கு உறுத்தவில்லை. ஐம்பது காசைக் கையில் பிடித்தே பார்த்திராத தலைமுறைக்கு 0.5 என்பது வெறும் அஞ்சு, அதைவிட 0.35 பெரியது, முப்பத்தைந்து ஆயிற்றே.

இவை கவனக்குறைவால் வரும் பிழைகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. தருமபுரியில் ஒரு பிள்ளை செய்யும் இதே பிழையைத் தஞ்சாவூரிலும் செய்கிறார்கள். அனுபவமுள்ள மருத்துவச்சிக்குக் குழந்தை அழும் தினுசிலேயே வயிற்றுவலி தெரிந்துவிடுவதுபோல, நல்ல கணக்கு ஆசிரியருக்கு விடையைப் பார்த்ததுமே பிள்ளையின் யோசனை தெரிந்துவிடும். இந்தத் திறமையை உங்கள் தேர்வு ஒருபோதும் கேட்பதில்லை.

இன்னொரு ஆய்வும் சொல்ல வேண்டும். லிபிங் மா என்பவர் 1999இல் வெளியிட்ட நூலில், அமெரிக்காவின் 23 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் சீனாவின் 72 பேரும் ஒரே கணக்குகளுக்குச் சொன்ன விடைகளை ஒப்பிட்டார். அதில் ஒன்று: ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் எவ்வளவு? இந்தக் கணக்குக்கு ஒரு கதை சொல்லுங்கள். அமெரிக்க ஆசிரியர்கள் பட்டதாரிகள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவர்கள். சீன ஆசிரியர்கள் 72 பேரும் கணக்கைச் சரியாகப் போட்டார்கள், 65 பேர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்கர்களில் விடையைச் சரியாகப் போட்டு முடித்தவர்களே 9 பேர்தான். கதை என்று வந்தபோது பலர் அரையால் வகுப்பதையும் இரண்டாகப் பங்கு போடுவதையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

நம்மூரில் இதற்குக் கதை தேட வேண்டியதே இல்லை. ஒன்றே முக்கால் லிட்டர் பால் இருக்கிறது, அரை லிட்டர் பாக்கெட்டில் ஊற்ற வேண்டும், எத்தனை பாக்கெட்? மூன்று நிறையும், நாலாவது பாதி நிற்கும். மூன்றரை. எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னால் முதலில் ஒரு சத்தம் கிளம்பும்: "வகுத்தா குறையணும்ல சார், எப்படி ஜாஸ்தியாச்சு?" அந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்து அதற்காகக் காத்திருப்பவர்தான் ஆசிரியர். அந்த இடத்தில் "தலைகீழாக்கிப் பெருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்பவருக்கும் தகுதித் தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும்.

பட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயர்கல்வி முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு என்று நம் மாநிலத்தில் பல ஆண்டுகள் கொடுத்தார்கள், 2020இல் நிறுத்தினார்கள். நிறுத்தியபோது எனக்கும் வருத்தம்தான், பணம் யாருக்குக் கசக்கும்? ஆனால் அஞ்சல் வழியில் வாங்கிய எம்.எட். பட்டத்தால் என் சக ஆசிரியர் எவருடைய வகுப்பறையும் மாறி நான் பார்த்ததில்லை. அந்தப் பணம் வேறு எதற்காகக் கொடுக்கப்பட்டிருந்தால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று துறை யோசித்ததாகத் தெரியவில்லை.

இதையே நேர்மாறாகப் பிடித்துக்கொண்டு, "பட்டம் முக்கியமில்லை என்று ஆய்வே சொல்கிறது, அப்படியானால் தொகுப்பூதியத்தில் ஆளை எடுத்துக்கொள்ளலாம்" என்று கிளம்புபவர்களும் உண்டு. அவர்கள் காட்டுவது ஆந்திரத்தில் முரளிதரனும் சுந்தரராமனும் செய்த ஆய்வை. 100 அரசுத் தொடக்கப்பள்ளிகளில் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியரைக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் படிப்பும் பயிற்சியும் குறைவு, சம்பளம் நிரந்தர ஆசிரியருடையதில் மிகச் சிறு பங்கு. அப்படியும் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். ஒப்பந்த ஆசிரியர்கள் மற்றவர்களுக்குச் சளைத்தவர்களாக இல்லை. உண்மைதான். அவர்கள் உள்ளூர்க்காரர்கள், ஒழுங்காக வந்தார்கள். ஆனால் அது ஒன்று முதல் ஐந்து வரையிலான தொடக்க வகுப்புகளில். பத்தாம் வகுப்பு முக்கோணவியலை அந்தச் சம்பளத்துக்கு ஒருவர் நடத்திக் காட்டியதாக அந்த ஆய்வில் எதுவும் இல்லை. குறைந்த கூலிக்கு ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அறிவியல் பக்கம் நிலைமை இன்னும் சிக்கல். உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவரோ இருவரோதான். அவர் இயற்பியல் படித்தவராக இருக்கலாம், விலங்கியல் படித்தவராகவும் இருக்கலாம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இயக்க விதிகள், ஒளியியல், மின்னோட்டவியல், அணுக்கரு இயற்பியல் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை விலங்கியல் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்போடு இயற்பியலை விட்டவர். மின்சுற்று நடத்துவதற்கு முந்தின நாள் எலக்ட்ரிக்கல் கடையில் இரண்டு டார்ச் பல்பும் ஒயரும் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து தானே செய்து பார்த்துவிட்டு வந்தார். வகுப்பில் இணைப்பதற்கு முன்னால் கேட்டார்: "தொடர்ல ரெண்டு பல்ப் மாட்டப் போறேன். எது பிரகாசமா எரியும்?" முக்கால்வாசி வகுப்பு, பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பது என்றது. முதல் பல்ப் கொஞ்சம் கரண்ட்டைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டும் ஒரே மாதிரி எரிந்தபோது ஒரு பையன் எழுந்துவந்து பல்புகளை இடம் மாற்றி மாட்டிப் பார்த்தான், நம்ப முடியாமல். ஓம் விதியை வரி பிசகாமல் ஒப்பிக்கும் வகுப்புகள் ஆயிரம் இருக்கலாம். மின்னோட்டம் தேய்ந்துபோவதில்லை என்று அந்த நாற்பது பேருக்கும் அன்று தெரிந்தது.

இந்த ஆசிரியைக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, தானே கண்டுபிடித்தது. விலங்கியல், தாவரவியல் படித்துவிட்டு இயற்பியல் நடத்த வேண்டியிருக்கும் ஒவ்வொருவரும் தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட முடியுமா? அவர்களுக்கென்று, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டங்களில் இந்த இரண்டு பல்பு விஷயத்தைப் போலப் பத்து விஷயங்களை உட்கார்ந்து செய்துபார்க்க நேரம் ஒதுக்கினால் போதும். இப்போது அந்த நாட்களின் பெரும்பகுதி பிபிடி ஓட்டுவதிலும் வருகைப்பதிவுப் படம் எடுத்து குழுவில் போடுவதிலும் கழிகிறது. ஒவ்வொருவரும் தன் வகுப்பில் வந்த ஐந்து தவறான விடைத்தாள்களைக் கொண்டு வாருங்கள் என்று சுற்றறிக்கை ஒன்று அனுப்பிப் பாருங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியும் பேச்சு ஓடும்.

கணினி ஆய்வகங்களில் நடக்கும் கொள்குறித் தேர்வுகளும், மாநில, தேசிய அடைவுத் தேர்வுகளும் இருக்கின்றன. அவற்றின் முடிவு எங்களுக்கு விழுக்காடாக வருகிறது. எட்டாம் வகுப்பு, கணிதம், இத்தனை விழுக்காடு, மாவட்டத்தில் இத்தனையாவது இடம். அதை வைத்துக்கொண்டு நான் திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய? எந்த வினாவில் எத்தனை பேர் எந்தத் தவறான விருப்பத்தை எடுத்தார்கள் என்பது உங்கள் கணினியில் கிடக்கிறது. அதைக் கொடுங்கள். விழுக்காடு கொடுத்தால் எங்களுக்குத் திட்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டங்கள் எங்களை எங்கே தள்ளுகின்றன என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. மெல்லக் கற்போர் பட்டியலில் பெயர் ஏறிய பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியலும் வரைபடமும் மட்டும் போதும். எட்டும் எட்டும் பதினாறு, மிச்சத்தை ஒரு மதிப்பெண் வினாக்களில் பொறுக்கி 35ஐத் தொட்டுவிடலாம். தேறியும் விடுகிறார்கள். தேர்ச்சி விழுக்காடு தொண்ணூறுக்கு மேல் நிற்கும் மாநிலம்தான், பல நாடுகளில் நடக்கும் பிசா தேர்வின் 2009 கூடுதல் சுற்றில் பதினைந்து வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்தபோது கணக்கில் 351, அறிவியலில் 348 வாங்கியது. வளர்ந்த நாடுகளின் சராசரி அப்போது 496, 501. அதற்குப் பிறகு இந்தியா அந்தத் தேர்வில் கலந்துகொள்ளவே இல்லை. தேர்வு சரியில்லை, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்றார்கள். கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் 52−38=26 எந்தத் தேர்விலும் பொருந்தாது.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. கணிதம்-அறிவியல் 60இல் தனியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வையுங்கள். அந்த 60இல் 20 வினாக்கள், பிள்ளையின் விடையைக் கொடுத்து ஆசிரியரின் யோசனையைக் கேட்பவையாக இருக்கட்டும். இது புதிதும் அல்ல. மத்தியத் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் கணிதம், அறிவியல் ஒவ்வொன்றிலும் 20 வினா பாடத்திலிருந்தும் 10 வினா அந்தப் பாடத்தைக் கற்பிப்பதிலிருந்தும் வருகின்றன. இந்தப் பகுதி பாடத்தைக் கற்பிக்கும் புரிதலையும் சோதிக்க வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2011 வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் யார் எந்த ஆண்டு எந்தக் கோட்பாட்டைச் சொன்னார் என்று கேட்டுவிட்டுக் கற்பித்தல் வினா என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

லட்சம் பேர் வட்டத்தைக் கருப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாளில் இப்படியெல்லாம் எப்படிக் கேட்பது என்று நினைப்பீர்கள். கேட்கலாம். மாதிரிக்கு ஒன்று:

ஒரு மாணவி, 0.5ஐ விட 0.35 பெரியது என்றும், 0.35ஐ விட 0.125 பெரியது என்றும் சொல்கிறாள். அதே யோசனையில் போனாலும் அவளுக்குச் சரியான விடை கிடைக்கும் இணை எது? (அ) 0.4, 0.27 (ஆ) 0.62, 0.7 (இ) 0.3, 0.45 (ஈ) 0.9, 0.125.

விடை (இ). மூன்றை விட நாற்பத்தைந்து பெரியது என்று அவள் தவறான காரணத்தால் சரியான விடைக்குப் போய்விடுவாள். (இ) போன்ற இணைகளை மட்டுமே பயிற்சியில் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர், அவளுக்குத் தசமம் புரிந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதிவிடுவார். அறிவியலுக்கும் ஒன்று வேண்டுமானால், "கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் வெயில் அடிக்கிறது" என்று சொல்லும் மாணவனிடம் எந்தத் தகவலை முதலில் காட்டுவீர்கள் என்று கேளுங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், நாம் மார்கழிப் பனியில் போர்த்திக்கொண்டு கிடக்கும்போது என்பதைத் தேர்ந்தெடுப்பவர், அந்த மாணவனின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்.

இதுபோன்ற வினாக்களை எழுத ஆட்கள் கிடைக்கவில்லை என்றால் எங்கள் ஒன்றியத்திலேயே பத்துப் பேர் இருக்கிறோம். ஒரு சனிக்கிழமை கூப்பிடுங்கள், நோட்டுகளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
தருமபுரி மாவட்டம்.